ஒரே முறை விற்கும் சித்திரம்



நம் சபைகளில் அறுப்பின் பண்டிகை ஏலத்தை அறியாதவர் இல்லை. கடையில் 5 ரூபாய்க்குக் கிடைக்கும் எலுமிச்சம்பழம் அன்று 500-க்கும் 1,000-க்கும் போகிறது. வாங்கியவர் ஏமாந்துபோனவர் அல்ல; பழத்தின் விலை போக மீதியைக் காணிக்கையாகவே கொடுக்கிறார். சித்திரங்களை விற்று மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் சேர்ப்பதும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வாழ்த்து அட்டையை ஆயிரக்கணக்கில் அச்சிடலாம். ஓவியர் தம் கையால் தீட்டிய மூலச்சித்திரமோ உலகில் ஒன்றே. அதைக் கொடுப்பவர் ஒரே முறைதான் கொடுக்க முடியும். ஆகவே அந்தப் பணம் எதற்குப் போக வேண்டும் என்பதை விற்பதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும்.

இதற்கு ஒரு நல்ல உதாரணத்தைச் சொல்லுகிறோம். பாப்லோ பிக்காசோ 1935-ல் தீட்டிய, தூங்கும் இளம்பெண்ணின் சித்திரம் ஒன்றை 2010-ல் ஒருவர் ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்திற்குக் கொடுத்தார். தம் பெயரை வெளியிட அவர் விரும்பவில்லை. சித்திரத்தை விற்று, பணத்தை விஞ்ஞான ஆராய்ச்சிக்கே செலவிட வேண்டும் என்று மட்டும் நிபந்தனை வைத்தார். 2011 ஜூன் மாதம் லண்டனில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தார் அதை ஏலம்விட்டார்கள். ஏலக் கட்டணம் உட்பட சுமார் 1 கோடியே 35 லட்சம் பவுனுக்கு அது விலைபோனது. சர்க்கரை வியாதி, உடல் பருமன், இருதய நோய் ஆகியவற்றைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அப்பணம் ஒதுக்கப்பட்டது. இந்நோய்களை ஆராய அப்பல்கலைக்கழகம் அமைத்த சார்லஸ் பெர்கின்ஸ் மையத்தின் கட்டடம் 2014-ல் திறக்கப்பட்டது.

"அவ்வளவு பணத்தில் எத்தனை ஏழை நோயாளிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கலாம்! ஆராய்ச்சிக்கு ஏன்?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாங்களும் கேட்டதுண்டு. ஈரல் கெட்டு, வயிறு வீங்கிக் கிடந்தவர்களின் கட்டிலருகே பல வருடங்கள் நின்றிருக்கிறோம். மருத்துவர்கள் வயிற்று நீரை எடுப்பார்கள்; நாங்கள் ஜெபிப்போம்; சில நாட்களில் வயிறு மறுபடியும் வீங்கும். அன்று பலருக்குக் கொடுக்க மருந்தே இல்லை. இல்லாத மருந்தை எவ்வளவு பணம் கொடுத்தாலும் வாங்க முடியாதே!

ஈரலைக் கெடுக்கும் காரணங்களில் ஒன்று ஹெபடைடிஸ் சி என்னும் வைரஸ். இரத்தம் ஏற்றப்பட்ட சிலருக்கு, அதுவரை தெரிந்திருந்த ஏ, பி வகைகளைச் சேராத ஈரல் அழற்சி வருகிறது என்பதை 1970-களில் அமெரிக்க மருத்துவர் ஹார்வி ஆல்ட்டர் கண்டார். அந்த வைரஸை மைக்கேல் ஹவ்டனும் அவருடைய கூட்டாளிகளும் அடையாளம் கண்டது 1989-ல்தான். அதைக் குணமாக்கும் புதிய மாத்திரைகள் வர 2013, 2014 ஆகிவிட்டது. இன்று 12 வாரங்களோ அதற்கும் குறைவாகவோ மாத்திரை சாப்பிட்டால், நூற்றுக்கு 95-க்கு மேற்பட்டோர் குணமடைகிறார்கள். 2020-ல் ஆல்ட்டர், ஹவ்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆரம்பம் முதல் மாத்திரை வரை ஏறக்குறைய 40 வருடங்கள்! ஆராய்ச்சிக்குக் கொடுப்பவர் இவ்விதப் பொறுமையோடுதான் கொடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பிக்காசோ வேண்டும் என்பதில்லை. 2014-ல் இங்கிலாந்தில், ஹெபடைடிஸ் சி நோயாளிகளுக்காக உழைக்கும் தொண்டு நிறுவனத்திற்கு நிதி சேர்க்க, அஞ்சலட்டை அளவுள்ள மூலச்சித்திரங்களை ஓவியர்களிடம் வாங்கி விற்கத் தொடங்கினார்கள். ஓவியரின் கையெழுத்து அட்டையின் பின்புறம் இருக்கும். பிரபலமானவர் வரைந்ததா, புதியவர் வரைந்ததா என்று பாராமல், பிடித்த படத்தை எடுத்துக்கொள்ளலாம். கண்டுபிடித்த மருந்து நோயாளியின் கைக்குப் போய்ச் சேரவும் பணம் தேவைப்படுகிறது அல்லவா?

உங்கள் சபையிலோ பள்ளியிலோ இப்படி ஒரு விற்பனை நடத்த நினைத்தால், மூன்று காரியங்களை மறவாதிருங்கள். முதலாவது, எந்த நோயின் ஆராய்ச்சிக்கு, எந்த நிறுவனத்திற்குப் பணம் போகிறது என்பதை அழைப்பிதழிலேயே எழுதுங்கள். இரண்டாவது, விலையில் ஓவியருக்கு எவ்வளவு, சட்டம் போடவும் மண்டப வாடகைக்கும் எவ்வளவு, ஆராய்ச்சிக்கு எவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஓவியர் பாதியைத் தமக்கு வைத்துக்கொண்டால் அது குற்றமல்ல. அவருக்கும் குடும்பம் உண்டு. மறைப்பதே குற்றம். மூன்றாவது, விற்பனை முடிந்ததும் வரவு செலவுக் கணக்கை எல்லாருக்கும் தெரிவியுங்கள்.

சித்திரம் வாங்கினவர் வீட்டுச் சுவரில் இருக்கும். கொடுத்தவர் கையில் ஒன்றும் இருக்காது. அதன் பலனை அனுபவிக்கப்போகிறவரோ ஒருவேளை இன்னும் பிறக்காத ஒரு பிள்ளையாக இருக்கலாம். அந்தப் பிள்ளையின் கட்டிலருகே நிற்கும் போதகருக்கு, எங்களுக்கு இல்லாதிருந்த மருந்து இருக்கட்டும்.