பெயர் திரும்பியது, பாகம் திரும்பவில்லை

1950களிலும் 60களிலும் அமெரிக்கச் சமையலறைகளுக்குள் நுழைந்த எலெக்ட்ரிக் அடுப்புகளில் சில இன்னும் சமைத்துக்கொண்டிருக்கின்றன. பீங்கான் பூச்சு பளபளக்கிறது, சுருள் சிவக்கிறது. தகராறு செய்வது ஒரு சின்னச் சமாசாரம்: சுருளின் நடுவே ஸ்பிரிங் மீது உட்கார்ந்து, பாத்திரத்தின் அடியைத் தொட்டுச் சூடு பார்க்கும் சென்சார். டயலை 350 டிகிரி பாரன்ஹீட்டில் வைத்தால் பாத்திரம் அந்தச் சூட்டிலேயே நிற்கும். ஜெனரல் எலெக்ட்ரிக் இதை 'சென்சி-டெம்ப்' என்ற பெயரில் விற்றது.

பல மாடல்களில் இதன் தத்துவம் எளிது. நம்மூர் ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமான தெர்மோஸ்டாட் போன்றதுதான். சென்சாரிலிருந்து மெல்லிய உலோகக் குழாய் ஒன்று ஸ்விட்சுக்குப் போகிறது. அதில் அடைபட்ட திரவம் சூட்டில் விரிந்து ஸ்விட்சைத் தள்ள, மின்சாரம் நிற்கிறது. குழாய் ஒடிந்தால் திரவம் போச்சு, பற்றவைத்துப் பயனில்லை. சென்சார், குழாய், ஸ்விட்ச் மூன்றும் ஒரே உருப்படி என்பதால் மொத்தமாகவே மாற்ற வேண்டும். அதைத் தயாரிப்பவர்தான் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், பெயர் மட்டும் மீண்டும் கடைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் வீட்டுத் தீவிபத்துகளுக்கு முதல் காரணம் சமையல். எனவே 2019 முதல், புதிய சுருள் அடுப்புகளில் சூடு எல்லை மீறாமல் தடுக்கும் ஏற்பாட்டை யூ.எல். 858 தரவிதி கேட்கிறது. ஜெனரல் எலெக்ட்ரிக் அடுப்புகளில் வரும் அந்தச் சுருளுக்கும் சென்சி-டெம்ப் என்றே பெயர். பெயரைப் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். புதியது வெறும் காவல்காரன்; சூடு மிஞ்சினால் அணைக்கும், கேட்ட டிகிரியில் நிறுத்தாது.

ஆக, மிச்சமிருப்பது வேட்டை. அதே வரிசையில் கழித்துப் போட்ட அடுப்பு, பழைய கடைகளில் பெட்டி பிரிக்காத சரக்கு. ஸ்விட்சில் உள்ள பாக எண், குழாயின் நீளம், வோல்டேஜ் எல்லாம் பொருந்த வேண்டும். பொருந்தினாலும் அறுபதாண்டுச் சரக்கில் திரவம் கசிந்திருக்கலாம். தண்ணீர் வைத்து, டயலைக் கொதிநிலைக்குக் கீழே திருப்பினால் குட்டு வெளிப்படும்: கொதித்தால், சென்சார் செத்தது.

செத்த சென்சாரோடு சமைப்பதுதான் ஆபத்து. திரவம் போன ஸ்விட்ச் பெரும்பாலும் மின்சாரத்தை நிறுத்தவே நிறுத்தாது. டயல் 200 என்று காட்டும், எண்ணெய் பற்றிக்கொள்ளும் சூட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

எதுவும் கிடைக்காவிட்டால், தேர்ந்த எலெக்ட்ரீஷியனை வைத்துச் சாதாரணச் சுருளும் அதற்கேற்ற ஸ்விட்சும் பொருத்திவிடலாம். கையோடு டயலின் டிகிரி எண்களையும் மாற்றியாக வேண்டும். 350 என்று எழுதியிருப்பதை நம்பி, வீட்டில் வேறு யாராவது எண்ணெயை வைத்துவிட்டு நகர்ந்துவிடக்கூடும்.