ராக்கி பாய் ஊரா?

பதினைந்து வருஷத்துக்கு முன் பெங்களூருவில் வேலைக்குச் சேர்ந்தபோது, ஊரைக் கேட்டவர்களிடம் ஆண்டர்சன்பேட்டை என்பேன். யாருக்கும் தெரியாது. கோலார் தங்கவயல் என்றால், "அதைத்தான் மூடிட்டாங்களே, இன்னும் அங்கே ஜனங்க இருக்காங்களா?" என்பார்கள். இன்று கே.ஜி.எஃப். என்று சொல்லி முடிப்பதற்குள், "ராக்கி பாய் ஊரா!" என்று கை நீட்டுகிறார்கள். அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. கூடவே நெஞ்சில் ஏதோ ஒன்று உறுத்துகிறது.

2018 டிசம்பர் 21. பிரசாந்த் நீல் இயக்கிய 'கே.ஜி.எஃப்.' படத்தின் முதல் பாகம் வெளியானது. அந்த வாரமே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், 2001 பிப்ரவரி 28ஆம் தேதி கதவு மூடும் வரை வேலை செய்தவர். தியேட்டருக்குப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. திரையில் சயனைட் மேடு வந்ததும் அரங்கமே விசிலடித்தது. தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண் சேர்ந்து சேர்ந்து மலையான மேடு அது. நாங்கள் சின்ன வயதில் சறுக்கி விளையாடிய இடம். கோடையில் காற்று அடித்தால் அந்தப் புழுதி வீட்டுக்குள் வரும். அம்மா தண்ணீர்ப் பானையின் வாயைத் துணியால் கட்டி வைப்பாள். அதே மேடு 'நராச்சி' என்ற பெயரில், ராக்கியாக நடித்த யஷ்ஷின் பின்னால் அவ்வளவு கம்பீரமாக நின்றது.

அந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது சண்டை இல்லை, சண்டைக்கு முன்னால் வரும் மௌனம். கண் தெரியாத கிழவரைக் கொல்லப் போகிறார்கள். சுற்றி நிற்கும் ஒவ்வொரு தொழிலாளியின் முகத்திலும் கேமரா நின்று நின்று போகிறது. அதன் பிறகுதான் ரவி பஸ்ரூரின் முரசு அதிர்கிறது. நாற்காலி நடுங்கியதும் அப்பா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். வெளியே வந்த பிறகு சொன்னார்: "ராக் பர்ஸ்ட் ஆனா இப்படித்தான்டா கீழே அதிரும்." கீழே பாறை வெடித்து, எங்கள் வீட்டு அலமாரியில் பாத்திரங்கள் தானாகக் குலுங்கிய ராத்திரிகள் எனக்கும் நினைவிருக்கிறது. உள்ளே வேலைக்குப் போனவர் ஏறி வரும் வரை அன்றைக்குத் தெருவில் யாரும் தூங்க மாட்டார்கள்.

படத்தில் அப்பாவுக்கு ஒரு குறை இருந்தது. "கேஜ் எங்கே? மணி எங்கே?" மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் எங்களுடையது. கூண்டில் நெருக்கியடித்து நின்று, ஒரு ஷாஃப்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறித்தான் அடிமட்டத்துக்கு இறங்க முடியும். மேலே ஏற்றுவதற்கும் கீழே இறக்குவதற்கும் மணி அடித்துச் சைகை கொடுப்பார்கள். அந்தக் கணக்கு தப்பினால் உயிர் போகும். அதை ஒரு காட்சியிலாவது காட்டியிருக்கலாம் என்றார். அன்றைக்கு நான் படத்துக்காக அவரிடம் வாதாடினேன். இது கற்பனைக் கதை, பாடப் புத்தகம் இல்லை என்று.

இரண்டாம் பாகம் 2022 ஏப்ரல் 14 அன்று வந்தது. அம்பேத்கர் பிறந்த நாள், தமிழ்ப் புத்தாண்டும்கூட. காலைக் காட்சிக்குப் போனேன். போலீஸ் நிலையத்தைச் சல்லடையாகத் துளைத்துவிட்டு, பழுத்துச் சிவந்த துப்பாக்கிக் குழாயில் ராக்கி சிகரெட் பற்ற வைத்தபோது நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன். அன்பறிவின் சண்டைக் காட்சிகளுக்கு இரண்டு பாகத்துக்கும் தேசிய விருது கிடைத்தது, தகும். பிரதமர் ரமிகா சென்னாக வரும் ரவீணா டண்டனை ராக்கி நேருக்கு நேர் சந்திக்கும் இடத்தில், இன்னொரு பெரிய படம் தொடங்குவது போலிருந்தது.

ஆனால் முதல் பாகத்தில் இருந்த மௌனத்தைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. எல்லா வசனமும் பஞ்ச், எல்லா நடையும் ஸ்லோ மோஷன், முரசு ஓயவே இல்லை. ஓயாமல் அடித்தால் முரசும் இரைச்சல்தானே. அதைவிட எனக்கு வலித்தது தொழிலாளிகளின் நிலை. முதல் பாகத்தில் முகமாக இருந்தவர்கள் இரண்டாம் பாகத்தில் கூட்டமாகிவிட்டார்கள். ராக்கி வருவான், கொடுப்பான், காப்பாற்றுவான். அவர்கள் கும்பிடுவார்கள். கடைசியில் தங்கத்தோடு அவன் கடலில் மூழ்கும்போது எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை. அந்த ஜனங்கள் நாளைக்கு என்ன செய்வார்கள் என்று படம் கேட்டிருந்தால் இன்னும் அழுதிருப்பேன்.

தியேட்டரிலிருந்து வந்தால், பேட்டை முழுக்க நீலக் கொடி. பறை முழங்க ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. வடாற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து சுரங்கத்தில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள். அயோத்திதாசரின் பௌத்தம் வேர் பிடித்த மண் இது. 1930இல் எல்லோரும் கைரேகை பதிய வேண்டும் என்று கம்பெனி உத்தரவு போட்டபோது, மாட்டோம் என்று ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் செத்தார்கள். ஊர் அவர்களை இன்றும் நினைக்கிறது. இங்கே யாரும் ஒரு ராக்கி வருவான் என்று காத்திருக்கவில்லை. அப்பாவிடம் நான் தோற்றது அந்த ஊர்வலத்தைப் பார்த்தபடி நின்ற நேரத்தில்தான். கற்பனை எதை வேண்டுமானாலும் காட்டட்டும். ஆனால் எங்கள் ஊர்ப் பெயரை எடுத்துக்கொண்டு, எதிர்த்து நின்ற ஜனங்களைக் கைகட்டி நிற்க வைத்தது எனக்கு ஒப்பவில்லை.

2024இல் பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' வந்தது. அதில் எங்கள் ஆட்கள் மையத்தில் இருந்தார்கள். அந்தப் படத்தை வைத்து யாரும் என்னிடம் கை நீட்டி ஊர் கேட்கவில்லை.

விடிவதற்கு முன்பே மாரிக்குப்பத்தில் ரயில் ஏறுகிறோம். ஒரு காலத்தில் சங்கு ஊதியதும் ஷாஃப்டுக்கு நடந்த தெருக்களிலிருந்து இன்று பெங்களூருவுக்கு வேலைக்குப் போகிறோம். பெட்டியில் பையன்கள் போனில் ராக்கியின் வசனம் ஓட விடுகிறார்கள். நானும் சேர்ந்து சொல்கிறேன், எனக்கு மனப்பாடம். இரண்டாம் பாகத்தின் முடிவில் மூன்றாவதுக்கு ஒரு துப்புக் கொடுத்திருக்கிறார்கள். வந்தால் முதல் காட்சிக்கு அப்பாவைக் கூட்டிப் போவேன். கேஜ் இறங்குகிறதா, மணி எத்தனை தரம் அடிக்கிறது என்று அவர் எண்ணிக்கொண்டு உட்காருவார்.