பனிமலைகளைப் பின்தொடரும் செயற்கைக்கோள்கள்

1986-ல் அண்டார்டிகாவின் ஃபில்க்னர் பனித்தட்டிலிருந்து பிரிந்த ஏ23ஏ என்ற பனிமலை அதிக தூரம் போகவில்லை. வெடல் கடலிலேயே தரைதட்டி, 30 ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 2020-ல்தான் விடுபட்டு நகரத் தொடங்கியது. 2024-ல் தெற்கு ஆர்க்னி தீவுகளுக்கு அருகே ஒரு நீர்ச்சுழலில் சிக்கி மாதக்கணக்கில் அதே இடத்தில் சுற்றியது. 2025 மார்ச்சில் தெற்கு ஜார்ஜியா தீவருகே மறுபடியும் தரைதட்டியது.

ஆளில்லாத கடலில் நடந்த இந்தப் பயணம் நமக்குத் தெரிவது செயற்கைக்கோள்களால்தான். அமெரிக்கத் தேசியப் பனி மையம் பெரிய பனிமலைகளுக்குப் பெயரிட்டுக் கண்காணிக்கிறது. அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள பகுதியை நான்காகப் பிரித்து ஏ, பி, சி, டி என்று குறிக்கிறார்கள். பனிமலை முதலில் தென்பட்ட பகுதியின் எழுத்தும் வரிசை எண்ணும் அதன் பெயராகும். அது உடைந்தால் துண்டுகளுக்குக் கடைசியில் இன்னோர் எழுத்து சேரும். மேகம் மூடினாலும், துருவத்தின் நீண்ட இரவிலும், சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள்களால் படமெடுக்க முடியும்.

இருப்பிடத்தையும் பரப்பையும் படத்திலேயே பார்த்துவிடலாம். தடிமனை அப்படிப் பார்க்க முடியாது. பனிமலையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நீருக்கடியில் இருக்கிறது. கிரையோசாட்-2 செயற்கைக்கோள் ரேடார் கொண்டும் ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள் லேசர் கொண்டும் நீர்மட்டத்துக்கு மேலுள்ள உயரத்தை அளக்கின்றன. பனிக்கட்டி, அதன்மேல் படிந்த பனி, கடல்நீர் ஆகியவற்றின் அடர்த்தியை வைத்து மொத்தத் தடிமனைக் கணக்கிடுகிறார்கள்.

இந்தக் கணக்கின் பயனை ஏ68ஏ காட்டியது. 2017 ஜூலையில் லார்சன் சி பனித்தட்டிலிருந்து பிரிந்த ஏ68-ன் பெருந்துண்டு இது. பிரிந்தபோது சராசரியாக 235 மீட்டராக இருந்த தடிமன், தெற்கு ஜார்ஜியாவை நெருங்கி உடையும் முன் 168 மீட்டராகக் குறைந்திருந்தது. இந்தக் குறைவுக்குப் பெரும்பாலும் காரணம் அடியிலிருந்து கரைத்த வெதுவெதுப்பான நீர்தான். அந்தத் தீவைச் சுற்றி மூன்றே மாதங்களில் சுமார் 15,200 கோடி டன் நன்னீர் கடலில் கலந்தது.

ஏற்கெனவே மிதந்த பனி என்பதால், அது கரைவதால் கடல்மட்டம் ஏறக்குறைய உயராது. ஆனால் குளிர்ந்த நன்னீரும் அதோடு வரும் இரும்புச் சத்தும் நுண்பாசிகளின் வளர்ச்சியை மாற்றும். அவற்றை உண்ணும் கிரில் என்ற சிற்றுயிர்கள் வழியாக அந்த மாற்றம் பென்குயின், சீல் வரை போகும். பனிமலை தரைதட்டினால் கடலடி உயிர்கள் நசுங்கும். பென்குயின்கள் இரைதேடும் வழியும் அடைபடலாம்.

அடுத்து ஒரு பனிமலை உடைந்த செய்தி வரும்போது பரப்பளவோடு நின்றுவிடாதீர்கள். அதன் தடிமன் எவ்வளவு, எந்தக் கரையை நோக்கிப் போகிறது என்பதையும் தேடிப் படியுங்கள்.