தஞ்சாவூர் ஆடிட்டர் மண்ணுக்குக் கணக்கு எழுதியது தெரியுமா?

தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் நடத்தி, சூட்டும் டையுமாக வலம் வந்த ஒருவர், நாற்பது வயதைத் தொடுமுன்பே அத்தனையையும் உதறிவிட்டு, சாணத்துக்கும் சுள்ளிக்கும் செக்குக்கும் கருப்பட்டிக்கும் நாட்டின் பொருளாதாரத்தில் இடம் கேட்டு வாழ்நாளெல்லாம் வாதாடினார். தெரியுமா? அவர்தான் ஜே.சி. குமரப்பா! காந்தியைத் தெரிந்த அளவுக்கு, காந்தியின் பொருளாதாரத்துக்குக் கணக்கும் புள்ளிவிவரமும் தந்த இந்தத் தமிழரை நாம் தெரிந்துவைத்திருக்கவில்லை. எனக்கு அது பெரிய ஆதங்கம்.

1892 ஜனவரி 4 அன்று பிறந்தபோது வைத்த பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். ‘குமரப்பா’ என்ற குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டது 1929-இல், அமெரிக்காவிலிருந்து திரும்பிய பிறகு. அமெரிக்காவில் என்ன செய்தார் என்கிறீர்களா? 1927-இல் போனார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகப் பட்டம் வாங்கினார். பிறகு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி படிக்கச் சேர்ந்தார். அங்கே ஒரு தேவாலயத்தில் ‘இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது?’ என்று பேசினார். அந்தப் பேச்சு செய்தித்தாளில் வந்தது. அதைப் படித்த அவருடைய பேராசிரியர் செலிக்மன், ஆய்வேட்டையே அந்தக் கேள்வியின் மேல் எழுதும்படி சொல்லிவிட்டார்! எழுத எழுதத்தான், பிரிட்டிஷ் அரசு இந்திய ஏழையிடம் வாங்கிய வரி எங்கே போய்ச் சேர்ந்தது என்பது ஆடிட்டர் கண்ணுக்குப் புலப்பட்டது. அதன்பின் பம்பாய்த் தொழிலில் அவர் மனம் ஒட்டவில்லை.

அந்த ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு 1929 மே மாதம் சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். அங்கே மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் ஒருவர் நூற்றுக்கொண்டிருந்தார். அவர்தான் காந்தி என்று தெரிந்ததும், பட்டுச் சூட்டைப் பற்றிக் கவலைப்படாமல் குமரப்பாவும் தரையில் உட்கார்ந்தார். ஆய்வேடு ‘யங் இந்தியா’ இதழில் தொடராக வந்தது. கையோடு ஒரு வேலையும் கிடைத்தது: குஜராத் கிராமங்களைக் கணக்கெடுக்க வேண்டும்.

இங்கேதான் உண்மையான அதிசயம் தொடங்குகிறது! குமரப்பாவுக்குக் குஜராத்தி ஒரு சொல்கூடத் தெரியாது. ஆகவே குஜராத் வித்யாபீட மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு கேடா மாவட்டத்து மாத்தர் தாலுகாவில் இறங்கினார். கரும்பலகையும் பெஞ்சும் இல்லாத வகுப்பு அது. ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் வீடு வீடாகப் போய், எவ்வளவு நிலம், என்ன விதைப்பு, எத்தனை மாடு, எவ்வளவு கடன், நிலவரி எவ்வளவு என்று மாணவர்கள் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். இந்தியா ஏழை என்று மேடையில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். இந்தக் குடும்பத்துக்கு இவ்வளவு வரவு, அதில் இவ்வளவு வரிக்கே போகிறது என்று ஆடிட்டர் தாளை நீட்டினால் எந்த அதிகாரியால் மறுக்க முடியும்? அறிக்கை 1931-இல் நூலாக வந்தது. கோட்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு கிராமத்துக்குள் நுழையாமல், கிராமத்திலிருந்து கோட்பாட்டைக் கற்றுக்கொண்டு வந்த பொருளாதாரம் அது. அவர் பின்னால் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் விதை அந்த மாத்தர் தாலுகாவில்தான் விழுந்தது என்று நான் நம்புகிறேன்.

அவருடைய கறாரைக் கேளுங்கள். 1934 ஜனவரியில் பீகாரை நிலநடுக்கம் சிதைத்தது. நிவாரண நிதிக் கணக்கு குமரப்பா கையில் வந்தது. தொண்டர் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு மூன்றணா, அதற்கு மேல் சல்லிக்காசு கிடையாது. காந்தியும் அவரோடு வந்தவர்களும் பீகாருக்கு வந்தபோது, அவர்கள் செலவை இந்த நிதியிலிருந்து தர முடியாது என்று மறுத்துவிட்டார் என்பது பலரும் எழுதிவைத்த செய்தி. பாதிக்கப்பட்டவன் பணம் பாதிக்கப்பட்டவனுக்கே! காந்தி கோபப்படவில்லை.

அதே 1934 டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் பிறந்தது. வார்தாவின் மகன்வாடிதான் தலைமையிடம், குமரப்பாதான் செயலாளர். மரச்செக்கு, கைக்குத்தல் அரிசி, தேனீ வளர்ப்பு, கைக்காகிதம், பனைவெல்லம் என்று ஒவ்வொன்றையும் அங்கே சோதித்துப் பார்த்தார்கள். கிராம ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மாத இதழ் நடத்தி ஊர் ஊராகச் சேதி சொன்னார்கள். மகன் தீபம் என்றொரு விளக்கு அங்கே உருவானது தெரியுமா? மண்ணெண்ணெய் வேண்டாம், ஊரில் ஆட்டிய தாவர எண்ணெயே போதும். ஒரு விளக்குக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

பதில் அவர் சிறையில் எழுதிய நூலில் இருக்கிறது. வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் கைதாகி ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது எழுதிய ‘நிலைத்த பொருளாதாரம்’ 1945-இல் வெளிவந்தது. நிலக்கரியும் பெட்ரோலும் இருப்புச் செல்வம், எடுக்க எடுக்கக் குறையும். மரம், பயிர், கால்நடை ஆகியவை ஓடிக்கொண்டே இருக்கும் செல்வம், முறையாகக் கையாண்டால் வந்துகொண்டே இருக்கும். குறையும் இருப்பை நம்பி வாழ்வைக் கட்டினால் அதற்காக அடிதடியும் போரும் வரும் என்றார். எண்ணெய்க்காக உலகம் எத்தனை போர்களைப் பார்த்துவிட்டது! அவர் சொன்னது அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால்.

அதே நூலில் பொருளாதாரங்களை உயிர்களின் வாழ்க்கையிலிருந்து வகைப்படுத்துகிறார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி ஒரு வகை. தோப்பில் புகுந்து சூறையாடும் குரங்கு இன்னொரு வகை. கூட்டுக்காகச் சேர்ந்து உழைக்கும் தேனீ அதற்கும் மேல். கைம்மாறு எதிர்பாராமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை எல்லாவற்றுக்கும் உச்சி.

என்னை மலைக்க வைத்தது காடுகளைப் பற்றி அவர் எழுதியதுதான். காடு அரசுக்கு வருமானம் தரும் துறை என்ற எண்ணத்தையே அவர் ஏற்கவில்லை. மக்கள் தேவைக்காகத்தான் காட்டை நிர்வகிக்க வேண்டும். நீண்டகாலத் திட்டத்தோடு வளர்க்க வேண்டிய மரக்காடு தனி. விறகும் புல்லும் தரும் காடு தனி, அதன் பலன் ஊராருக்கு இலவசமாகவோ பெயரளவு விலைக்கோ கிடைக்க வேண்டும். விறகு விலை ஏறினால் யார் சூளை அணையும்? குயவர் சூளை. பதநீர் காய்ச்சும் அடுப்புக்கு யார் எரிபொருள் தருவார்கள்? புல்லும் கிடைக்காமல் போனால் கைக்காகிதத் தொழில் எங்கே போகும்? காட்டுக்குப் போடும் ஒரு பூட்டு எத்தனை பேர் அடுப்பை அணைக்கிறது என்று ஒரு ஆடிட்டர் கணக்குப் பார்த்தார்! சூழல் நீதி என்று இன்று உலகம் பேசுகிறதே, லாபம் ஒருவருக்கும் பாதிப்பு வேறொருவருக்குமாகப் பிரிவதை எதிர்த்து, அதை இவர் அந்தப் பெயர் பிறப்பதற்கு முன்பே பேசிவிட்டார்.

வயலிலும் அதே கேள்விதான். நல்ல நிலமெல்லாம் ஆலைக்கரும்புக்கும் புகையிலைக்கும் போனால் ஏழைக்குச் சோறு எங்கிருந்து வரும்? வட்டாரத்து மக்களின் சமச்சீர் உணவுக்கு எவ்வளவு தானியம், பருப்பு, காய், எண்ணெய்வித்து தேவை என்று கணக்கிட்டு, அதற்கேற்ப நிலத்தைப் பங்கிட்டு, பயிருக்கு உரிமம் தர வேண்டும் என்றார். சர்க்கரைக்குப் பனை இருக்கிறதே, அது பயிர் விளையாத பொட்டலிலும் நிற்குமே என்று கேட்டார். ரசாயன உரம் மண்ணைத் தற்காலிகமாகத் தூண்டிவிட்டுப் பிறகு சோர வைக்கும் என்று பசுமைப் புரட்சிக்கு வெகுகாலம் முன்பே எச்சரித்தார். டிராக்டர் சாணம் போடாது என்பதையும் கணக்கில் சேர்த்தார்.

எழுத்தோடு நின்றுவிடவில்லை. விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர்தான் தலைவர். 1949-இல் அறிக்கை தந்தார். உழுபவருக்கே நிலம், இடைத்தரகர் ஒழிப்பு, குத்தகைதாரருக்குப் பாதுகாப்பு, ஒரு குடும்பம் கௌரவமாகப் பிழைக்கப் போதுமான நிலத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் யாருக்கும் கூடாது! அதை முழுமையாக நடைமுறைப்படுத்தும் துணிச்சல் பெரும்பாலான மாநிலங்களுக்கு வரவில்லை. தோல்வி அறிக்கையுடையது என்று நான் சொல்ல மாட்டேன்.

வெளிநாட்டுக்காரர் மதித்ததும் தெரியுமா? ‘சிறியதே அழகு’ என்று 1973-இல் உலகையே பேசவைத்த ஷூமாக்கர், உழைப்பின் பொருளை விளக்கும் இடத்தில் குமரப்பாவைத்தான் மேற்கோள் காட்டுகிறார். காந்தியோ அவரை நம் கிராமத் தொழில்களின் டாக்டர் என்றே ‘நிலைத்த பொருளாதாரம்’ நூலின் முன்னுரையில் அழைத்தார். எனக்கு இந்தப் பட்டம்தான் கொலம்பியாப் பட்டத்தைவிடப் பெரிது.

கடைசி ஆண்டுகளை மதுரைப் பக்கம் டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். மறைந்தது 1960-இல், அதுவும் ஜனவரி 30 அன்று, காந்தி மறைந்த அதே தேதியில்!

பொருளாதாரம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாத்தர் தாலுகாவில் நடந்தது உங்கள் கல்லூரியிலும் நடக்கலாம். இந்த ஆண்டு ஒரு பருவமாவது மாணவர்களைப் பக்கத்து ஊருக்கு அழைத்துப் போங்கள். கிணற்று நீர் எவ்வளவு ஆழத்தில், மேய்ச்சல் நிலம் யார் கையில், ஆலைக் கழிவு யார் வயலில் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். எழுதியதை அந்த ஊர்க் கிராமசபையிலேயே படித்துக் காட்டச் சொல்லுங்கள்.