போட்டி முடிந்த மறுநாள்

2022 நவம்பர். கத்தார் தலைநகர் தோஹாவின் சூக் வாகிஃப் சந்தைப் பகுதி. டென்னிஸ் நடுவர் உட்காருவது போன்ற உயரமான நாற்காலியில் ஒரு கென்ய இளைஞர். ஒரு கையில் ஒலிபெருக்கி, மறு கையில் திசை காட்டும் பெரிய ஸ்பாஞ்ச் விரல். "மெட்ரோ... இந்தப் பக்கம்!" என்று அவர் ராகம் போட்டுச் சொல்ல, உலகக் கோப்பைக் கால்பந்து பார்க்க வந்த கூட்டம் அதே ராகத்தில் திருப்பிப் பாடியது. காணொளி உலகெங்கும் பரவியது. இங்கிலாந்து–அமெரிக்கா ஆட்டத்துக்கு அவரை மைதானத்துக்கே அழைத்துக் கௌரவித்தார்கள்.

வழி காட்டுவதுதான் அவருக்குத் தரப்பட்ட வேலை. உலகக் கோப்பை நடந்தது 29 நாள். டிசம்பர் 18 அன்று இறுதியாட்டம் முடிந்தது, கூட்டம் கலைந்தது.

பெரிய விளையாட்டு விழா ஒன்றுக்கு ஒரு நகரம் பெயர் கொடுக்கும்போதே, 'இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை' என்ற அறிவிப்பும் கூடவே வந்துவிடும். மைதானம் கட்ட, வாசலில் பை சோதிக்க, சமைக்க, கழிப்பறை கழுவ ஆள் வேண்டும் என்பது உண்மை. அந்த வேலை எத்தனை நாளுக்கு, யார் கையால் கூலி, முடிந்தபின் என்ன என்ற கேள்விகளுக்குத்தான் அறிவிப்பில் இடம் இருப்பதில்லை.

2012 லண்டன் ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்வோம். விழாவை நடத்த ஏறக்குறைய 2 லட்சம் பேர் உழைத்தார்கள். அவர்களில் அமைப்புக் குழுவின் நேரடிச் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 6,000 பேர். சுமார் 1 லட்சம் பேர் ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். 70,000 பேர் சம்பளமே இல்லாத தன்னார்வலர்கள்.

ஒப்பந்தக்காரரை மட்டுமே நம்பினால் என்ன ஆகும் என்பதையும் லண்டன் காட்டியது. பாதுகாப்புப் பணிக்கு 2,000 பேரைத் தர 2010 டிசம்பரில் ஜி4எஸ் நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. ஓராண்டு கழித்து அந்த எண்ணிக்கை 10,400 ஆக உயர்ந்தது. சில மாதங்களில் ஆயிரக்கணக்கானோரைத் தேர்ந்தெடுத்து, பின்னணி விசாரித்து, பயிற்சி கொடுத்து, உரிமம் வாங்கி, பணி நேரம் ஒதுக்க வேண்டும். தொடக்க விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, போதிய ஆள் தர முடியவில்லை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. அரசு முதலில் 3,500 ராணுவ வீரர்களையும், பிறகு 1,200 பேரையும் கூடுதலாக இறக்கியது. இன்னொரு பக்கம், பயிற்சி முடித்தவர்களில் பலர் எங்கே, எப்போது வேலைக்கு வருவது என்ற தகவலுக்காகவே காத்துக் கிடந்தார்கள்.

நீண்டகாலப் பலனும் பெரிதாக இல்லை. 2002-ல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கைப் பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். சுற்றுலா, கேளிக்கை சார்ந்த துறையில் 4,000 முதல் 7,000 வேலைகள் கூடியிருந்தன. ஓராண்டுக்குப் பிறகு பார்த்தால், அந்த ஏற்றம் அநேகமாக மறைந்திருந்தது.

இந்தியாவுக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய பாடம் உண்டு. 1982 ஆசிய விளையாட்டுக்காக டெல்லியில் மைதானங்களும் மேம்பாலங்களும் எழுந்தன. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிசாவிலிருந்து தொழிலாளர்களை அழைத்து வந்தவர்கள் ஜமாதார்கள். நம் ஊர் வழக்கில் சொன்னால் மேஸ்திரிகள். அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. ஒப்பந்தக்காரர் அதை ஜமாதாரிடம் கொடுப்பார். ஜமாதார் 1 ரூபாய் கமிஷன் எடுத்துக்கொள்வார். தொழிலாளி கைக்கு வந்தது 8 ரூபாய் 25 காசு. பெண்களுக்கு 7 ரூபாய்தான் என்பதும் புகார்.

மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான அமைப்பு இதை உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதமாக எழுதியது. நீதிபதி பி.என்.பகவதி 1982 செப்டம்பர் 18 அன்று அளித்த தீர்ப்பு இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் ஒரு திருப்பம். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது, அரசியலமைப்பின் 23-வது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்றது தீர்ப்பு. ஒப்பந்தக்காரரைக் கை காட்டிவிட்டு அரசு தன் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்றும் சொன்னது. இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 19 அன்று விளையாட்டு தொடங்கியது.

நாற்பது ஆண்டுகள் கழித்து, கத்தாரில் அந்த ஜமாதாரின் இடத்தில் இருந்தவர் ஏஜெண்ட். வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பிய தமிழ்க் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ ஏஜெண்டிடம் பணம் கட்டி விசா வாங்கியவருக்கு, முதல் சில மாதச் சம்பளம் கடனுக்கே போய்விடும். வேலை குறுகிய காலத்துக்கு என்றால், கடன் அடைவதற்குள் ஊர் திரும்ப வேண்டிவரும். போட்டி அமைப்புக் குழுவின் ஏற்பாட்டில், ஒப்பந்த நிறுவனங்கள் இந்தக் கட்டணத்துக்காக 2 கோடி டாலருக்கும் மேல் திருப்பிக் கொடுத்தன. அது உலகக் கோப்பைப் பணிகளில் இருந்தவர்களுக்கு மட்டும். நாட்டின் மற்றத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2021 மார்ச்சில் எல்லா நாட்டவருக்கும் மாதம் 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. இந்த மாற்றங்களுக்குப் பின்னால் உலகத் தொழிற்சங்கங்கள், மனித உரிமை அமைப்புகளின் பல ஆண்டு நெருக்கடி இருந்தது.

முன்கூட்டியே எழுதி வைத்தால் நிலைமை கொஞ்சம் மாறும் என்பதற்குப் பாரிஸ் உதாரணம். 2024 ஒலிம்பிக்குக்காக 2018-லேயே தொழிற்சங்கங்களோடு ஒரு சமூகச் சாசனம் கையெழுத்தானது. கட்டுமான வேலை நேரத்தில் 10 சதவீதத்தை, நீண்ட நாள் வேலையின்றி இருப்பவர்கள் போன்றோருக்கு ஒதுக்க இலக்கு வைத்தார்கள். அங்கும் குறை இருந்தது. நாட்டில் தங்குவதற்கான ஆவணம் இல்லாத தொழிலாளர்கள் 2023 அக்டோபரில் ஓர் ஒலிம்பிக் அரங்கக் கட்டுமானத் தளத்திலேயே உட்கார்ந்து போராடினார்கள்.

இப்போது நம் முறை. 2030 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி அகமதாபாத்துக்கு என்று 2025 நவம்பரில் முடிவாகிவிட்டது. 2036 ஒலிம்பிக்குக்கும் இந்தியா முயல்கிறது. மறுபடியும் பல மாநிலங்களிலிருந்து ஆட்கள் ரயிலேறுவார்கள். கூலி நேராக அவரவர் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். வேலைக்கு எடுக்கும் செலவை முதலாளியே ஏற்க வேண்டும். எத்தனை நாள் வேலை என்பது தொழிலாளி படிக்கக்கூடிய மொழியில் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். முடிந்து போகும்போது கையில் ஒரு அனுபவச் சான்றிதழ் வேண்டும். 1982 தீர்ப்பு இன்றும் நம் நாட்டின் சட்டம். அகமதாபாத்தில் போடப்படும் ஒவ்வொரு ஒப்பந்தமும் அதை முதல் நிபந்தனையாக எழுதிக்கொள்ள வேண்டும்.