காலியாகும்போது என்ன ஆகிறது?

புனேயில் கடல் இல்லை. ஆனாலும் படகைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காத ஊர் என்று இதைச் சொல்லிவிட முடியாது. நம்மூர்க் கிணற்றடிகளில் தடதடத்த கிர்லோஸ்கர் எஞ்சின் இங்கே கட்கியில் 1946-இல் தொடங்கிய நிறுவனத்தினுடையது. கோத்ரூடில் 1962 முதல் கம்மின்ஸ் இருக்கிறது. இரண்டு நிறுவனங்களின் டீசல் எஞ்சின்களும் படகுகளில் ஓடுகின்றன. கடக்வாஸ்லா ஏரிக்கரையில் தேசியப் பாதுகாப்பு அகாதெமியின் மாணவர்கள் பாய்மரம் பழகுகிறார்கள். பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் 1928-இல் தொடங்கிய ரெகாட்டா என்ற படகு விழாவை இன்னும் முளா ஆற்றில் நடத்துகிறார்கள்.

ஆகவே, கேம்ப் பகுதியின் இரானி கடை ஒன்றில் என் எதிரே உட்கார்ந்த தூத்துக்குடித் தம்பி, பன் மஸ்காவைப் பிய்த்துக்கொண்டே படகுப் பேச்சை எடுத்தது எனக்கு வியப்பாக இல்லை. ஹிஞ்ஜவடியில் கணினி வேலை பார்க்கிறவர். நண்பர்களோடு சேர்ந்து கொங்கண் கரையில் ஒரு பழைய மர லாஞ்ச்சை வாங்கிப் புதுப்பிக்கிறார். 7 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலம். பழைய எஞ்சினைக் கழற்றியாயிற்று, புது டீசல் எஞ்சின் வந்தாயிற்று. 150 லிட்டர் டேங்க்தான் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்கிறது.

“பழைய டேங்க் அமரத்துல, கடைசியிலதான் அண்ணாச்சி இருந்துச்சு. அங்கேயே வச்சிட்டா என்ன?”

வைக்கலாம்தான். ஆனால் அந்த இடத்தை அன்றைக்குத் தேர்ந்தவர் அன்றைய எஞ்சினை மனத்தில் வைத்துத் தேர்ந்திருப்பார். வார்ப்பிரும்பு எஞ்சின் கனமாகக் கொஞ்சம் முன்னால் உட்கார்ந்திருந்தால், அதை ஈடுகட்ட டேங்க் பின்னால் போயிருக்கும். புது எஞ்சின் அதைவிட இலேசு. இப்போது அதே இடத்தில் டேங்க்கை வைத்தால் பின்பக்கமான அமரம் அமுங்கும், முன்பக்கமான அணியம் தூக்கும். பழைய படகைப் புதுப்பிக்கிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான் என்பது என் எண்ணம். பலகையில் ஏற்கெனவே ஆணித் துளை இருக்கிறதே என்று அதிலேயே முடுக்கிவிடுகிறார்கள்.

எஞ்சின், பேட்டரி, நங்கூரம், சங்கிலி, கருவிப்பெட்டி எல்லாமே எடைதான். காலையில் எவ்வளவோ மாலையிலும் அவ்வளவே. டேங்க் அப்படியில்லை. ஒரு லிட்டர் டீசல் ஏறத்தாழ 0.84 கிலோ, 150 லிட்டர் என்றால் 126 கிலோ. கிளம்பும்போது இரண்டு ஆள் எடைக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும் அந்தப் பாரம், திரும்பும்போது ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது. அதனால் டேங்க் நிறைந்திருக்கும்போது படகு மட்டமாக நிற்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. அது காலியாகக் காலியாகப் படகு என்ன செய்கிறது என்றும் கேட்க வேண்டும்.

எந்தப் படகிலும் ஓர் இடம் உண்டு. அங்கே பாரத்தை ஏற்றினால் படகு முன்னும் பின்னும் சாயாமல் ஒரே மட்டமாக அமிழும். இறக்கினால் ஒரே மட்டமாக எழும். தண்ணீர் மட்டம் படகை வெட்டும் பரப்பின் நடுப்புள்ளி அது. மிதவை மையம் என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கம் அகன்ற லாஞ்ச்சுகளில் அது நட்டநடுவில் இராது, சற்று அமரம் பக்கம் தள்ளி இருக்கும்.

தம்பியின் படகுக்குக் காகித நாப்கினில் ஒரு தோராயக் கணக்குப் போட்டோம். தண்ணீர் மட்டத்தில் அதன் பரப்பு சுமார் 10 சதுர மீட்டர் என்றால், ஒரு சென்டிமீட்டர் அமிழ 100 கிலோ வேண்டும். டேங்க் மிதவை மையத்தின் மேலேயே இருந்தால், முழு டேங்க்குக்கும் காலி டேங்க்குக்கும் வித்தியாசம் ஒன்றேகால் சென்டிமீட்டர்தான். கரையில் நிற்பவனுக்குக் கண்ணிலேயே படாது. அதே டேங்க்கை இரண்டரை மீட்டர் பின்னால் தள்ளினால் முன்னுக்கும் பின்னுக்கும் சேர்ந்து ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் சாய்மானம் மாறும். காலையில் அமரம் அமுங்கிக் கிளம்பும் படகு, மாலையில் அணியம் தாழ்ந்து வரும்.

“ஆறு சென்டிமீட்டர்தான அண்ணாச்சி?”

ஆறுதான். ஆனால் அணியம் தாழ்ந்த படகு நேராகப் போகாது. பின்னாலிருந்து அலை தள்ளும்போது மூக்கை ஊன்றிக்கொண்டு சுக்கானுக்கு அடங்காமல் திரும்பப் பார்க்கும். படகைத் தள்ளும் விசிறி மேலெழுந்து காற்றை இழுக்கும். இவ்வளவும் நடப்பது, எல்லோரும் களைத்துப்போய் இருட்டுவதற்குள் கரை சேர அவசரப்படும் நேரத்தில்.

எடை இடம் மாறுவதை உத்தியாகவே பயன்படுத்தியவர்களும் உண்டு. கன்கார்ட் விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது எரிபொருளைப் பின்பக்க டேங்க்குக்குப் பம்ப் செய்து தன் சமநிலையைச் சரிசெய்துகொண்டது. வேகம் குறைக்கும்போது மறுபடி முன்னால் கொண்டுவந்தது. அதைக் கவனிக்க விமானத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். 7 மீட்டர் லாஞ்ச்சில் அந்த வேலைக்கு ஆள் போட முடியாது.

மிதவை மையத்தைக் கண்டுபிடிக்க வரைபடம் வேண்டாம். பழைய படகுக்கு வரைபடம் இருக்கவும் இருக்காது. அலையில்லாத காலை நேரம், ஆறு 20 லிட்டர் கேன், ஒரு சாக்குக்கட்டி போதும். அணியத்திலும் அமரத்திலும் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் கோடு போடுங்கள். கேன்களில் தண்ணீர் நிரப்பினால் மொத்தம் 120 கிலோ, கிட்டத்தட்ட நம் முழு டேங்க்கின் எடை. படகின் நடுக்கோட்டில் அவற்றை ஓரிடத்தில் வைத்து, இரண்டு கோடுகளும் எவ்வளவு அமிழ்ந்தன என்று கரையிலிருந்தோ சிறு தோணியிலிருந்தோ பாருங்கள். படகுக்குள் ஏறி நின்று பார்த்தால் உங்கள் எடையையும் சேர்த்து அளப்பீர்கள். அமரம் அதிகம் அமிழ்ந்தால் கேன்களை முன்னால் நகர்த்துங்கள். இரண்டும் சமமாக அமிழும் இடம்தான் நாம் தேடுவது. அரை நாள் வேலை. மர லாஞ்ச் போன்ற நிதானமான படகுக்கு இது சரியாக வரும். தண்ணீரை விட்டெழும்பிப் பறக்கும் ஸ்பீட் போட்டுக்கு இதோடு நிற்க முடியாது. அதே கேன்களை ஏற்றி ஓட்டியே பார்க்க வேண்டும்.

கண்டுபிடித்த பிறகுதான் சங்கடம். பெரும்பாலும் அந்த இடத்தில் எஞ்சின் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும், அல்லது ஆட்கள் உட்காரும் பலகை இருக்கும். எஞ்சினை நகர்த்த முடியாது. விசிறித் தண்டின் சாய்வு அதை ஓரிடத்தில் கட்டிப்போட்டிருக்கிறது. அப்போது புகைக்குழாயின் சூடு படாத அளவு விலகி, மையத்துக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருக்கத்தில் டேங்க்கை வையுங்கள். பேட்டரியும் நங்கூரச் சங்கிலியும் கருவிப்பெட்டியும் ஓரங்களுக்குப் போகட்டும். எடை மாறாதவை எங்கே இருந்தாலும் காலையும் மாலையும் ஒரே வேலையைத்தான் செய்யும். அரை டேங்க் டீசலோடு படகை மிதக்கவிட்டு, அவற்றை முன்னும் பின்னும் நகர்த்தி மட்டம் பிடித்தால் போதும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பேட்டரிக்கு நல்ல இடம் பார்த்துவிட்டு, மிச்சமிருந்த மூலையில் டேங்க்கைத் திணிக்கிறார்கள்.

இதற்குள் இரண்டாவது டீ வந்திருந்தது. தம்பி பாதியைச் சாசரில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தார். சொல்ல வந்ததற்கு வாகாகப் போயிற்று. அரை கிளாஸ் டீயை எடுத்துக்கொண்டு கடை முழுக்க நடக்கலாம். அதே டீயைச் சாசரில் ஏந்தி நாலு அடி நடந்து பாருங்கள். டேங்க்குக்குள் டீசல் செய்வதும் அதுதான். படகு இடப்பக்கம் சாய்ந்தால் டீசலும் இடப்பக்கம் ஓடிச் சாய்வைக் கூட்டுகிறது. இந்தக் கெடுதல் டேங்க்கின் அகலத்தின் முப்படியாக ஏறுகிறது. அகலம் இரண்டு மடங்கானால் கெடுதல் எட்டு மடங்கு.

தம்பியின் டேங்க் 1 மீட்டருக்கு 60 சென்டிமீட்டர், ஆழம் 25. நீளப்பக்கத்தைப் படகின் குறுக்கே போட்டால், இரண்டு டன் சொச்சம் எடையுள்ள அந்தப் படகு தன் நிமிரும் உயரத்தில் சுமார் 2 சென்டிமீட்டரை இழக்கும். அதே டேங்க்கை அணியம்–அமரம் திசையில் திருப்பி வைத்தால் இழப்பு முக்கால் சென்டிமீட்டருக்கும் குறைவு. காசு செலவில்லை, திருப்பி வைத்தால் ஆயிற்று. நிமிரும் உயரம் என்று நான் சொன்னது, படகின் எடைமையத்துக்கும் அதன் மேலே படகு நிமிர்வதற்கு ஆதாரமான புள்ளிக்கும் இடையே உள்ள தூரம். அந்தப் புள்ளிக்குப் பெயர் வைத்தவர் பியர் பூகே என்ற பிரெஞ்சுக்காரர். அவருடைய கப்பல் நூல் 1746-இல் வந்தது. பூமியை அளக்கப் போயிருந்தபோது ஆண்டீஸ் மலைமேல் உட்கார்ந்து பெரும்பகுதியை எழுதினார். தக்காணப் பீடபூமியில் உட்கார்ந்து லாஞ்ச் கணக்குப் போடுகிற எங்களுக்கு அதைவிட நல்ல முன்னோடி ஏது?

துளையிட்ட தடுப்புத் தகடுகள் டேங்க்குக்குள் அவசியம். டீசல் மோதி எழுப்பும் ‘தொப் தொப்’ ஓசையையும் அடியையும் அவை தணிக்கும். ஆனால் படகு ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டால், டீசல் துளை வழியே மெதுவாக அந்தப் பக்கம் சேர்ந்துவிடும். அதைத் தடுக்க நீளவாக்கில் துளையில்லாத சுவர் வேண்டும், அல்லது இரண்டு தனி டேங்க். சமமான இரண்டு பாதியாகப் பிரித்தால் இழப்பு நாலில் ஒன்றாகும். இரண்டு டேங்க் வைத்தால் இணைப்புக் குழாயின் வால்வை மூடியே வைக்க வேண்டும். திறந்திருந்தால் தாழ்ந்த பக்கத்துக்கே டீசல் ஓடும்.

டேங்க் இழக்கவைக்கும் இரண்டு சென்டிமீட்டரை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். படகின் அடியில் தேங்கும் தண்ணீர் இதைவிடப் பெரிய எதிரி, ஏனென்றால் அது படகின் முழு அகலத்துக்கும் ஓடும். 1987 மார்ச்சில் பெல்ஜியத்தின் ஸீப்ரூக்கே துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய ‘ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்’ கப்பல் அணியக் கதவு மூடாததால் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். கார்கள் நின்ற தளத்தில் புகுந்த தண்ணீர் குறுக்கே ஓட இடமிருந்தது. ஓடுகிற எடை ஆட்களாகவும் இருக்கலாம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ கவிழ்ந்து 45 பேர் இறந்ததை நம்மூரில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒருபக்கம் திரண்டதைப் பற்றியும், அந்தப் படகின் நிலைப்பைப் பற்றியும் அன்று கேள்விகள் எழுந்தன.

மிச்சம் தச்சு வேலை. டேங்க் எவ்வளவு தாழ இருக்கிறதோ அவ்வளவு நல்லது, ஆனால் அடித் தண்ணீரில் நனையக்கூடாது. இரண்டு மூன்று விரல் உயரக் கட்டைகள்மேல் ஏற்றி, கீழே காற்றோட விடுங்கள். நான்கு பக்கமும் பட்டை போட்டுக் கட்டுங்கள். டீசலுக்கு உள்பக்கம் துத்தநாகப் பூச்சு வேண்டாம், செம்பும் வேண்டாம். இரண்டும் எரிபொருளைக் கெடுக்கும். எடுப்புக் குழாய் மேலிருந்து இறங்கி, படகு ஓடும்போது டேங்க்கில் தாழ்ந்து நிற்கும் முனையில் முடியட்டும். எதிர்முனையில் முடிந்தால் கால் டேங்க் இருக்கும்போதே காற்றை இழுத்து எஞ்சின் நிற்கும். எஞ்சினைக் கழற்றாமலே டேங்க்கை வெளியே எடுக்க முடிகிறதா என்று மேல்தளம் அடிப்பதற்கு முன்பே ஒருதரம் எடுத்துப் பாருங்கள்.

தம்பி நாப்கினை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பில்லைக் கேட்டுவிட்டு, “உபரிக்கு ரெண்டு கேன் டீசல் கொண்டுபோவோம்ல, அது எங்க அண்ணாச்சி?” என்றார்.

கேன் ஒன்றுக்கு 17 கிலோ. டேங்க்குக்குப் பக்கத்திலேயே, நடுக்கோட்டில், கயிறு போட்டுக் கட்டி. முதலில் அதைத்தான் டேங்க்கில் ஊற்ற வேண்டும், டேங்க்கில் இடம் வந்தவுடனே, அலை ஏறுவதற்கு முன்.