கோட்பாட்டு இயற்பியல் கற்க வரும் மாணவர்க்கு: கேட்ட கேள்விகளும் சொன்ன விடைகளும்

நம் சங்க நூலகத்தின் பின்பக்க அறையில் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு சிறு கூட்டம் கூடும். பெரிய கூட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். நல்ல நாளில் எட்டுப் பேர், மும்பை மழை கொட்டும் நாளில் இரண்டே பேர். ஒன்பதாம் வகுப்புப் பையனும் வருவான், எம்.எஸ்ஸி. படிக்கும் பெண்ணும் வருவாள். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தியும் மராத்தியும் என்று வளர்ந்த பிள்ளைகள். எல்லாவற்றையும் கலந்துதான் கேள்வி கேட்பார்கள். வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகை. கருந்துளை, குவாண்டம், ஐன்ஸ்டீன் இவற்றையெல்லாம் உண்மையாகப் படிக்க வேண்டுமானால் என்ன செய்யணும், எவ்வளவு கணக்கு தெரியணும் என்பதே.

நான் பேராசிரியன் அல்லன். 1974-இல் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, வங்கியில் சேர்ந்து, 2001-இல் விருப்ப ஓய்வு பெற்றவன். அதன்பின் விட்ட இடத்திலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினேன். மலர்க் குழுவினர் அறிவியல் கட்டுரை கேட்டபோது, அந்த அறையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையே எழுதினால் பிள்ளைகளுக்கும், முக்கியமாகப் பெற்றோருக்கும், பயன்படும் என்று தோன்றிற்று.

"கணக்கு முழுசும் முடிச்சுட்டுத்தான் பிஸிக்ஸ் தொடங்கணுமா, அங்கிள்?"

வேண்டாம். கணக்கு முழுவதையும் முடித்தவர் உலகில் ஒருவரும் இல்லை. ஆனால் கணக்கே இல்லாமல் இயற்பியலும் இல்லை. நடக்கும்போது இடக்காலும் வலக்காலும் மாறி மாறி வருவது போல இரண்டும் சேர்ந்தே வர வேண்டும். இதை ஓர் ஊஞ்சலை வைத்து விளக்குகிறேன்.

ஒரு நூலில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு மெதுவாக ஆட்டுங்கள். இதைத் தனிஊசல் என்போம். நூலின் நீளம் ஒரு மீட்டர் என்றால், போய்த் திரும்ப ஏறக்குறைய 2 விநாடி ஆகும். நீளத்தை நான்கு மடங்காக்கினால் நேரம் இரண்டு மடங்காகும். கல்லின் எடையை மாற்றிப் பாருங்கள், நேரம் மாறாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு கைக்கடிகாரம் போதும்.

ஏன் இப்படி? எட்டாம் வகுப்புக் கணக்கே பாதி விடையைத் தந்துவிடும். நீளத்தின் அலகு மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தின் அலகு, விநாடியின் வர்க்கத்துக்கு இத்தனை மீட்டர். முன்னதைப் பின்னதால் வகுத்தால் மீட்டர் அடிபட்டு, விநாடியின் வர்க்கம் மிஞ்சும். அதன் வர்க்கமூலம் விநாடி. ஆகவே அலைவு நேரம், நீளத்தை முடுக்கத்தால் வகுத்துக் கிடைப்பதன் வர்க்கமூலத்தைப் பொறுத்தே இருக்க வேண்டும். நான்கு மடங்கு ஏன் இரண்டு மடங்கானது என்பது இப்போது விளங்கும்.

ஆனால் சூத்திரத்தில் 2π என்று ஒன்று முன்னால் நிற்கிறதே, அது எங்கிருந்து வந்தது? இங்கேதான் நுண்கணிதம் தேவைப்படுகிறது. நியூட்டனின் விதியை எழுதினால் ஒரு வகைக்கெழுச் சமன்பாடு வரும். அதில் கோணத்தின் சைன் இருக்கும். கோணம் சிறிதானால் சைனுக்குப் பதில் கோணத்தையே போடலாம். அப்போது தீர்வு எளிது, 2π தானாக வந்து நிற்கும்.

கோணம் பெரிதானால்? அந்தச் சூத்திரம் பொய்யாகத் தொடங்கும். பக்கவாட்டில் 10 பாகை இழுத்து விட்டால் தவறு 0.2 சதவீதம்தான். 30 பாகைக்கு 1.7 சதவீதம். 90 பாகைக்கு 18 சதவீதம்! இதைக் கணக்கிட நீள்வட்டத் தொகையீடு என்ற புதிய கணிதம் வேண்டும். இரண்டு ஊசல்களை ஒரு ஸ்பிரிங்கால் இணைத்தால் அணிகளும் ஐகன் மதிப்புகளும் வேண்டும். கல்லின் இடத்தில் ஒரு மூலக்கூறின் அதிர்வை வைத்தால் குவாண்டம் இயங்கியல் வந்துவிடும். அங்கே ஆற்றல் படிப்படியாகத்தான் ஏறும், அடிப்படியில்கூட அது சுழியாகாது. ஒளியையே இத்தகைய எண்ணற்ற ஊசல்களின் தொகுப்பாகப் பார்ப்பதுதான் புலக் கோட்பாட்டின் தொடக்கம்.

ஒரே ஊஞ்சல்தான். எட்டாம் வகுப்பிலிருந்து ஆராய்ச்சி வரை கூடவே வருகிறது. ஒவ்வொரு கட்டத்திலும், கையிலிருக்கும் கணிதம் போதவில்லை என்று தெரிந்த பிறகே அடுத்த கணிதம் வந்தது. ஐன்ஸ்டீனுக்கும் இதே கதைதான். வளைந்த வெளியின் வடிவியல் தனக்குத் தேவை என்று உணர்ந்து, 1912-இல் ஜூரிச்சில் தம் நண்பர் மார்செல் கிராஸ்மனை நாடினார். அதைக் கற்றுப் பயன்படுத்தி, 1915 நவம்பரில் பொதுச் சார்பியல் கொள்கையை முடித்தார். முதலில் தேவை, பிறகு கணிதம்.

"சரி, ஆனா ஒரு வரிசை இருக்கணுமே?"

இருக்கிறது. பள்ளியில் இயற்கணிதம், முக்கோணவியல், திசையன்கள், கலப்பெண்கள், நுண்கணிதம் ஆகியவை. இவற்றோடு நியூட்டனின் இயக்கவியல். அடுத்து வகைக்கெழுச் சமன்பாடுகளும் திசையன் நுண்கணிதமும். இவற்றோடு மேக்ஸ்வெல்லின் மின்காந்தவியல். பிறகு நேரியல் இயற்கணிதமும் ஃபூரியர் முறையும். இவற்றோடு குவாண்டம் இயங்கியல். நிகழ்தகவு தெரிந்தால் வெப்பமும் புள்ளியியல் இயற்பியலும். இவற்றுக்குப் பிறகே டென்சர், குலக் கோட்பாடு, பொதுச் சார்பியல், துகள் இயற்பியல் எல்லாம். ஒரு படியைத் தாண்டிக் குதித்தவர்கள் பெரும்பாலும் திரும்பி வந்து அதே படியில்தான் நிற்கிறார்கள். நானும் அப்படி நின்றவன்தான்.

ரஷ்ய இயற்பியலாளர் லெவ் லாண்டாவ் தம்மிடம் சேர வருவோருக்குக் கடுமையான தேர்வுகளை வைத்தார். அவற்றைத் தேறியவர்கள் என்று அவர் வைத்திருந்த பட்டியலில் 43 பெயர்களே உண்டு. அந்தத் தேர்வுகளில் முதலாவது எது தெரியுமா? கணிதம். தேற்றங்களுக்கு நிரூபணம் கேட்கவில்லை அவர். தொகையீடு போடத் தெரியுமா, சமன்பாட்டைத் தீர்க்கத் தெரியுமா என்றுதான் பார்த்தார். கணக்கு தடங்கலாக நின்றால் இயற்பியலில் மனம் செல்லாது என்பதுதான் இதிலுள்ள நியாயம்.

"வீடியோ பார்க்கிறேன், நல்லா புரியுது. ஆனா கணக்கு போட வரலையே?"

அப்படியானால் புரியவில்லை என்று பொருள். கோபித்துக்கொள்ள வேண்டாம். வீடியோ பார்ப்பதைக் குறை சொல்லவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த வி. பாலகிருஷ்ணனின் இயற்பியல் வகுப்புகள் என்.பி.டெல். வழியாக இலவசமாகக் கிடைக்கின்றன. என் மாணவப் பருவத்தில் இப்படியொரு வசதியைக் கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் அடுப்படிப் பக்கமே போகாமல் சமையல் நிகழ்ச்சி பார்த்தால் சாம்பார் வைக்க வராது. ஒரு மணி நேரம் பார்த்தால் மூன்று மணி நேரம் காகிதத்தில் போட வேண்டும். பாட்டைக் கேட்டு ரசிப்பது வேறு, பாடுவது வேறு.

இப்போது "ஏஐ எல்லாக் கணக்கையும் போட்டுத் தருதே அங்கிள்" என்கிறார்கள். தரட்டும். நீங்கள் போட்டு முடித்தபின் சரிபார்க்கக் கேளுங்கள். முதலிலேயே கேட்டால் விடை நோட்டில் இருக்கும், தலையில் இருக்காது.

இன்னொரு சோதனையும் சொல்வேன். படித்ததை வீட்டில் அம்மாவிடமோ பாட்டியிடமோ தமிழில் சொல்லிப் பாருங்கள். கலைச்சொல் தெரியாவிட்டால் பரவாயில்லை, ஆங்கிலச் சொல்லையே போடுங்கள். கருத்தைச் சொந்த மொழியில் சொல்ல முடியாமல் எங்கே திக்குகிறதோ, அங்கேதான் புரியாத இடம் ஒளிந்திருக்கிறது. இங்கே வளரும் பிள்ளைகள் தமிழை விட்டுவிடாமல் இருக்க இது ஒரு வழியும்கூட.

"இதெல்லாம் மேதைகளுக்குத்தானே?"

1928-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஸோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரி மாணவர் சுப்ரமணியன் சந்திரசேகர் அவரைத் தேடிப்போய்ச் சந்தித்தார். ஸோமர்ஃபெல்ட் எழுதிய அணு இயற்பியல் நூலைத் தாமே படித்து முடித்த பெருமிதத்தில் போனார் அவர். ஆனால் அந்த நூலுக்குப் பின் எல்லாமே மாறிவிட்டது, ஷ்ரோடிங்கர், ஹைசன்பர்க், டிராக் ஆகியோரின் புதிய இயங்கியல் வந்துவிட்டது என்றார் ஸோமர்ஃபெல்ட். தாம் எழுதிய புதிய கட்டுரையின் அச்சுப் படியையும் கொடுத்தார். மாணவர் சோர்ந்து உட்காரவில்லை. புதிய புள்ளியியலைக் கற்று, அதை வைத்து எழுதிய கட்டுரை 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. 1930 ஜூலை இறுதியில் இதே நம் பம்பாயிலிருந்து கப்பலேறி, பயணத்திலேயே வெள்ளைக் குள்ள விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று கணக்கிட்டார். அப்போது வயது பத்தொன்பது. 1983-இல் நோபல் பரிசு. மேதைதான், சந்தேகமில்லை. ஆனால் படித்தது பழையதாகிவிட்டது என்று கேட்ட பிறகும் மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்தாரே, அதை நாமும் செய்யலாம்.

"இதைப் படிச்சா வேலை கிடைக்குமா, சார்?"

இது பெற்றோர் கேட்பது. நியாயமான கேள்வி, மழுப்பாமல் சொல்கிறேன். கோட்பாட்டு இயற்பியலில் நிரந்தர ஆராய்ச்சிப் பணியிடங்கள் குறைவு. முனைவர் பட்டமும் அதற்குப் பிந்தைய ஆய்வும் சேர்த்துப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆனால் வழி இல்லாமலும் இல்லை. 1945-இல் ஹோமி பாபா தொடங்கி, இன்று கொலாபாவில் இயங்கும் டாடா ஆராய்ச்சி நிறுவனம், சென்னையில் 1962-இல் தோன்றிய கணித அறிவியல் நிறுவனம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், புனே முதலிய ஊர்களில் ஐசர் நிறுவனங்கள் என்று பல உண்டு. ஆய்வு மாணவர்க்கு உதவித்தொகையும் உண்டு. ஜாம், ஜெஸ்ட் போன்ற நுழைவுத் தேர்வுகள் இருக்கின்றன. ஆராய்ச்சிக்குப் போகாதவர்க்கும் இந்தக் கணிதமும் கணினிப் பயிற்சியும் வேறு துறைகளில் கைகொடுக்கும். ஆசையை நம்பி மட்டும் இறங்க வேண்டாம், பயத்தை நம்பி மட்டும் விலகவும் வேண்டாம்.

"எனக்கு வருமா?"

எல்லாக் கேள்விக்கும் அடியில் இருப்பது இதுதான். என் கதையைச் சொல்கிறேன். எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டில் நான் குவாண்டம் தாளில் தடுமாறியபோது ஓர் ஆசிரியர், "இது உனக்கு வராதுப்பா, பேங்க் பரீட்சை எழுது" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும் நம்பினேன். வங்கி வேலை எனக்குச் சோறு போட்டது, அதில் குறையில்லை. ஆனால் ஓய்வுக்குப் பின் அதே பாடத்தை எடுத்து உட்கார்ந்தபோதுதான் உண்மை தெரிந்தது. எனக்கு வராதது குவாண்டம் அல்ல. அணிகளை நான் கையால் போட்டுப் பழகவே இல்லை. நோட்ஸை மனப்பாடம் செய்து தேறியிருந்தேன். நான்கு மாதம் அணிக் கணக்குகள் போட்டேன், வழி திறந்தது. அந்த நான்கு மாதத்தை இருபத்திரண்டு வயதில் செலவழித்திருக்கலாம்.

2022-இல் பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். "ஜெனரல் ரிலேட்டிவிட்டி படிக்கணும் அங்கிள்" என்றான். ஊசல் கணக்கைக் கொடுத்தேன். மூன்று ஞாயிறு ஆயிற்று, வரவில்லை. "இதெல்லாம் உனக்கு..." என்று என் வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, எங்கே நிற்கிறாய் என்று ஒவ்வொரு வரியாகக் கேட்டேன். சைன் என்றால் என்ன என்பதிலேயே நின்றான். அவன் ஒன்பதாம் வகுப்பு 2020-இல். ஊரடங்கு, வீட்டில் ஒரே போன், அதில் அக்காவுக்கும் வகுப்பு. முக்கோணவியல் முழுவதும் அப்படியே போய்விட்டது. அறிவில் குறை இல்லை, ஒரு படிதான் விடுபட்டிருந்தது.

ஆறு மாதம் முக்கோணவியல் போட்டான். பிறகு நுண்கணிதம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து பி.எஸ்ஸி. இயற்பியலில் சேர்ந்தான். பொதுச் சார்பியலை இன்னும் தொடவில்லை. அண்மையில் ஒரு ஞாயிறு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினான். 90 பாகை ஊசலின் அலைவு நேரத்தைத் தானே கணக்கிட்டு, 18 சதவீதம் கூடுகிறது என்று காட்டியிருந்தான். நடுவில் ஒரு வரியில் குறி தவறியிருந்தது; அதையும் அவனே கண்டுபிடித்து அடித்துத் திருத்தியிருந்தான்.

ஆகவே பெற்றோர்களே, ஆசிரியர்களே, "உனக்கு வராது" என்று சொல்லுமுன் எந்தப் படி விடுபட்டது என்று பாருங்கள். மாணவர்களே, நீங்களே உங்களுக்கு அதைச் சொல்லிக்கொள்ளுமுன் ஓராண்டு தினமும் ஒரு கணக்கு கையால் போட்டுப் பாருங்கள். அதன்பின்னும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், தவறில்லை. ஞாயிறு பத்து மணிக்கு அந்த அறை திறந்திருக்கும். ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுவந்தால் போதும்.